முதல் நலங்கு

தொண்டூர்
8.9.2024

அன்புத் தம்பி எழிலனுக்கு அக்கா மங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பாரதியும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை, ஸ்பீக்கர் போட்டால்தான் பேச்சு வருகிறது. ஸ்பீக்கர் போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மெசேஜ் வந்தால் பாரதிதான் படித்துச் சொல்கிறாள். உன்னிடம் மட்டும் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. அதனால் பதிலை நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போடு.

முதலில் நல்ல சேதி. பாரதிக்கு வரன் அமைந்துவிட்டது. சீயமங்கலத்துப் பையன், பெயர் ஆனந்தராஜ், செய்யாறில் கம்பெனி வேலை. அவன் அம்மா ஜெயசுதா தையல் கடை வைத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்த பார்வையிலேயே அளவெடுத்துவிடுகிற அம்மாள். நவம்பர் பத்தாம் தேதி நிச்சயம், தை இருபத்தெட்டில் கல்யாணம்.

தாய்மாமன் கை முதலில் படாமல் நம் பக்கத்தில் பெண்ணுக்கு நலங்கு கிடையாது என்பது உனக்கே தெரியும். நீ வைத்த பிறகுதான் தெருப் பெண்கள் எல்லாம் அவளை வாசலில் உட்கார வைத்து, முகத்திலும் தோள்வரை கையிலும் முழங்கால்வரை காலிலும் மஞ்சள் பூசுவார்கள். அவள் காது குத்துக்குத்தான் நீ வரவில்லை. உன் மடியில் உட்கார வைக்க மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு மேல்மலையனூர் கோயிலில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். மேட்டுக்கொல்லை நிலத்தை நைனா என் பேருக்கு எழுதிய கோபம் என்று ஊரே பேசியது. இருபது வருஷம் போய்விட்டது. இந்தத் தடவை வந்துவிடு.

இன்னொன்று. எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலம்மாவின் மகளுக்கு ஆடி மாதம் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. அது போய் இரண்டு வாரத்தில் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். மேலே வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. அந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். நீ ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறவன். இது ஒட்டுமா, போய்விடுமா என்று விசாரித்து எழுது.

உன் அக்கா,
மங்கை


கோயம்புத்தூர்
19.9.2024

அன்புள்ள அக்காவுக்கு எழிலன் எழுதுவது. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பாரதிக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். அவள் கல்யாணப் பெண்ணாகிவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை. தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. லேபில் ஆள் குறைவு. லீவு கிடைத்தால் வரப் பார்க்கிறேன்.

நீ எழுதிய அடையாளம் சொரியாசிஸ் மாதிரி தெரிகிறது. ஆனால் நான் ரத்தம் எடுக்கிறவன், டாக்டர் இல்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டச் சொல். கண்டிப்பாக ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

சோப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். மார்கழிப் பனியில் அதிகமாகும், பயப்பட வேண்டாம். கறுப்புத் துணி உடுத்தினால் தோளில் உதிர்ந்தது பளிச்சென்று தெரியும், வெளிர் நிறம் நல்லது. காலையில் மற்றவர்கள் எழுவதற்குள் படுக்கையைத் தட்டிப் பெருக்கிவிட்டால் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி. யார் நம் பக்கம் திரும்பினாலும் கையை மறைக்கத் தோன்றும். நோயைவிட அதுதான் கஷ்டம்.

மாமாவையும் பாரதியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
எழிலன்


தொண்டூர்
4.10.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி? 'ஒரு குறையும் இல்லை' என்று எப்போதும் ஒரே வரியில் முடித்துவிடுகிறாய்.

ஒட்டாது என்று நீ எழுதியதைப் படித்ததும் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்கு ஒன்று கேட்கிறேன். இது பரம்பரையாக வருமா? நைனாவுக்கு முழங்கையிலும் தலையிலும் இருந்ததே, அது இதுதானா? அவருக்கென்று ஒரு அலுமினியத் தட்டு தனியாக இருந்தது. பந்தியில் உட்கார மாட்டார், கேட்டால் "பசியில்ல" என்பார். குஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு வரன் தேடியபோது வந்தவர்கள் இரண்டு பேர் நைனாவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தேன். எள் போட்டால் எள் விழாத கூட்டம். யாரிடமும், கட்டிக்கொள்ளப் போகிறவனிடம்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கிவிட்டேன். "இன்னாத்துக்கும்மா மறைக்கணும்?" என்று முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அங்கே நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

கல்யாண ரவிக்கையைத் தானே தைப்பதாக ஜெயசுதா அம்மாள் சொல்லியிருக்கிறார்கள். அளவெடுக்க வருகிறார்களாம். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உன் அக்கா,
மங்கை


கோயம்புத்தூர்
16.10.2024

அன்புள்ள அக்கா, கடிதம் வந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தத் தடவை இரண்டாவது வரியும் எழுதுகிறேன்: நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நைனாவுக்கு இருந்தது இதுதான். குஷ்டம் இல்லை. அந்த அலுமினியத் தட்டு தேவையே இல்லை. அவர் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம்.

பரம்பரையா என்று கேட்டாய். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதற்காகவே ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார்கள். நோய் உள்ள குடும்பங்களின் ரத்தத்தை நான்தான் எடுத்து வைக்கிறேன். அவர்கள் பேசுவதைக் கேட்டு எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உடம்புக்குள் நோயோடு சண்டை போடும் அணுக்கள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொள்கின்றன. மேல்மலையனூர் அமாவாசையில் "பஸ்ஸு வந்துட்டுது" என்று ஒருவன் கத்தினால் கூட்டமே ஓடுமே, அந்த மாதிரி. நிஜமாகவே பஸ் வந்திருந்தால் நல்லதுதான். சிலருக்கு மட்டும் பிறக்கும்போதே அந்தக் குரல் கொஞ்சம் சத்தமாக அமைந்துவிடுகிறது. அந்தக் குரலை உண்டாக்கும் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம். தொண்டைக் காய்ச்சலோ காயமோ கவலையோ வந்து ஒரு தடவை கத்த ஆரம்பித்தால், பஸ் போன பிறகும் நிறுத்துவதில்லை. கூட்டம் தோலுக்கு ஓடி வந்து நிற்கிறது. தோல் அவசர அவசரமாக வளர்ந்து செதிலாக உதிர்கிறது.

அந்த மாற்றம் குடும்பத்தில் கைமாறி வரும். ஆனால் மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானவர்கள் கடைசிவரை ஒன்றும் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். யாரும் செய்த பாவம் இல்லை.

அக்கா, சமையலம்மா மகளிடம் நீ எதற்குச் சத்தியம் வாங்கினாய்? அவள் உன்னை எதற்கு "அம்மா" என்று கூப்பிட்டாள்? யார் அந்தப் பெண்?

அன்புடன்,
எழிலன்


தொண்டூர்
29.10.2024

அன்புத் தம்பி, எல்லோரும் சுகம். தீபாவளிக்கு உனக்குச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முழுக்கைதான். நீ வேறு போட்டு நான் பார்த்ததே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் வேண்டியதில்லை, ஏனென்றால் விஷயமே தீர்ந்துவிட்டது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாரத்துக்கு ஒரு நாள் வைத்தியர் ஒருவர் வருகிறார். பொட்டலமாகச் சூரணம் கொடுத்தார். பத்தே நாள். வழித்து எடுத்த மாதிரி தோல் சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் அழுதுவிட்டேன். உடம்பும் தேறியிருக்கிறது. கன்னம் உப்பி முகம் வட்டமாக அழகாக ஆகிவிட்டது. பசி பசி என்கிறாள். ஜெயசுதா அம்மாள் வந்து தோளில் டேப்பை வைத்து நிதானமாக அளவெடுத்துக்கொண்டு போனார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், அவர்கள் முகம் மாறவே இல்லை.

இன்னும் நாலு வாரத்துக்குப் பொட்டலம் இருக்கிறது. நிச்சயம் முடியும் வரைக்கும் போதும். பிறகு நிறுத்திவிடலாம்.

நீ வரும் தேதியை மட்டும் எழுது.

உன் அக்கா,
மங்கை


கோயம்புத்தூர்
27.11.2024

அன்புள்ள அக்கா, நான் நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். வேலை அதிகம். கடிதம் என் அறையிலேயே கிடந்தது, நேற்றுதான் பிரித்தேன்.

ஜெயசுதா அம்மாள் அளவெடுத்த பெண் பாரதி. நீ எழுதாவிட்டாலும் நீயே எழுதிவிட்டாய். நேற்று போன் செய்தேன். பாரதிதான் எடுத்தாள், பின்னால் மாமாவும் யார் யாரோவும் பேசிக்கொண்டிருந்தார்கள். "அம்மாவைக் கடிதத்தைப் பார்க்கச் சொல்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் கோழைத்தனம்.

இதைக் கவனமாகப் படி. பத்து நாளில் எல்லாம் மறைந்து, முகம் வட்டமாகி, பசி எடுக்கிறதென்றால் அந்தப் பொட்டலத்தில் சூரணம் மட்டும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. சாப்பிடும்வரை தோல் பட்டாக இருக்கும். திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்தது முழுக்கத் திரும்பிப் பாயும். நீயாக நிறுத்தாதே. மிச்சமிருக்கும் பொட்டலங்களையும் அவளையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே முண்டியம்பாக்கம் போ. படிப்படியாகக் குறைக்க வேண்டியதை டாக்டர்தான் செய்ய வேண்டும். ஊர்க்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு மறுபடியும் போன் செய்வேன்.

எழிலன்


முண்டியம்பாக்கம்
9.12.2024

தம்பி,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

அது பாரதிதான். சமையலம்மாவுக்கு மகளே கிடையாது. உன்னிடமே பொய் சொன்னேன்.

புயல் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, தபால்காரர் தங்கராசுவை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. நீ இரண்டு தடவையும் போனில் கடிதம் கடிதம் என்று மட்டும் சொன்னாயாம். எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

நிச்சயம் நல்லபடி முடிந்த பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தேன், மழைக்கு இரண்டு நாள் முன்னால் பொட்டலம் தீர்ந்தது. தோல் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். மழை விட்ட அன்று காலையில் குளிர் ஜுரம். மாலைக்குள் கழுத்திலிருந்து கால்வரை வெந்நீர் கொட்டியது போலச் சிவந்துவிட்டது. மேலே பொடிப்பொடியாகச் சீழ் வைத்த மாதிரி. படுக்க முடியவில்லை, துணி பட்டால் அலறுகிறாள். உன் மாமா பச்சமுத்துவை உனக்குத் தெரியும், எதற்கும் அசையாத மனிதர். தண்ணீர் ஓடும் ரோட்டில் டிராக்டரில் அவளை உட்கார வைத்துச் செஞ்சிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கேயும் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாள் போய்விட்டது. இப்போது கண்ணைத் திறந்து பேசுகிறாள்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது நான் உன் மாமாவைப் பார்த்தேன். பாரதிதான் சொன்னாள்.

சீயமங்கலத்துக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மறுபடியும் பொய்தான். வேறு என்ன செய்வது? நீ ஒரு நடை வா, தம்பி.

மங்கை


கோயம்புத்தூர்
13.12.2024

அக்கா,

வார்டு நர்ஸ் அன்புக்கரசியிடமும் டாக்டரம்மாவிடமும் தினமும் போனில் பேசுகிறேன். ஆபத்தைத் தாண்டிவிட்டாள். நல்ல வைத்தியம் நடக்கிறது. அவர்கள் சொல்வதை மட்டும் கேள்.

ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தவன் நான். நான் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. உன்னை நீ திட்டிக்கொள்ளாதே.

லீவு கிடைக்கவில்லை.

எழிலன்


தொண்டூர்
26.12.2024

அன்புள்ள மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் பாரதி எழுதுவது. இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டேன். சிவப்பு மங்கி, செதில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. முதுகு இன்னும் எரிகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்று எழுதலாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நவம்பரில் நீங்கள் போட்ட கடிதத்தைப் பதினாறாம் தேதிதான் தங்கராசு அண்ணன் கொண்டுவந்து கொடுத்தாராம். அம்மா அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த மற்றக் கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். மன்னிக்கவும்.

மாமா, மருந்துச் சீட்டில் வராத விஷயமெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? கறுப்புத் துணி கூடாது என்பது, மற்றவர்கள் எழுவதற்குள் படுக்கையைப் பெருக்குவது. நான் நாலைந்து மாதமாக விடிவதற்கு முன் எழுந்து அதைத்தான் செய்கிறேன். யாரும் சொல்லித் தந்து செய்யவில்லை. இருந்தால்தான் தெரியும். உங்களுக்கும் இருக்கிறதா?

இல்லையென்றால் என்னை மன்னித்துவிடுங்கள். இருக்கிறதென்றால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். ஆனந்தராஜிடம் சொல்லிவிட நினைக்கிறேன். இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தி டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை பிள்ளையைப் பற்றி நினைக்கவே கூடாதாம். கல்யாணம் செய்துகொண்டு இதை எப்படி மறைப்பது? அம்மா வாங்கிய சத்தியம் குறுக்கே நிற்கிறது. "வாய தொறந்தியானா என்னை உசுரோட பாக்க மாட்டே" என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

நெருங்கிய சொந்தங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார்கள். நீங்கள் வரவில்லை. அதில் எனக்குக் கோபம் இருக்கிறது. இருந்தாலும் அன்புடன்தான் முடிக்கிறேன்.

பாரதி


கோயம்புத்தூர்
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கும் பாரதிக்கும். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது. இரண்டு கையிலும் முழங்காலிலும் தலையிலும் இருக்கிறது. நகமெல்லாம் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். மூன்று வருஷமாக விரல் மூட்டும் வீங்குகிறது. நவம்பரில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பதினெட்டு நாள் படுத்துக் கிடந்தேன். உன் கடிதம் பூட்டிய அறையில் கதவுக்குக் கீழே கிடந்தது. வேலை அதிகம் என்று எழுதினேன். அந்தப் பதினெட்டு நாளைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன், அதற்கான விலையை இந்தப் பிள்ளையின் உடம்பு கொடுத்தது. இதை எப்படித் தாங்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

மேட்டுக்கொல்லை மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. காது குத்து அன்று காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பிள்ளைக்கு வாங்கிய பாவாடை சட்டை பையில் இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டோடு ஊர் முன்னால் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்க வேண்டும். அந்த மாதம் கையும் மார்பும் நிறைய இருந்தது. மேல்மலையனூர் பஸ் மூன்று என் முன்னால் போனது. நைனாவின் அலுமினியத் தட்டுதான் கண்ணில் நின்றது. நாலாவது பஸ் வந்தபோது நான் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நிலத்துக் கோபம் என்று நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

எனக்கு நிச்சயம் செய்த பெண்ணை நானேதான் வேண்டாம் என்றேன். சொல்லிப் பார்த்திருக்கலாம். அவள் சரி என்றிருப்பாளோ என்னவோ, நான் கேட்கவே இல்லை.

ஆராய்ச்சிக்கு என் ரத்தத்தையும் கொடுத்தேன். அந்த மாற்றம் என்னிடம் இருக்கிறது. அதே மாற்றம் ஒரு பொட்டுகூட இல்லாத எத்தனையோ பேரிடமும் இருக்கிறது. நைனாவிடமிருந்து அது எனக்கு வந்தது. உனக்கும் வந்து, நீ தெரியாமலே பாரதியிடம் கொடுத்திருக்கலாம். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மறைக்கிற பழக்கம் ரத்தத்தில் வரவில்லை. அதை நாமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

அக்கா, சத்தியத்தை எடுத்துவிடு. அவள் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர்கள் போனால் அழுதுகொள்ளலாம். என்னை மாதிரி ஆக்கிவிடாதே.

எழிலன்


தொண்டூர்
21.1.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. இனி நீயும் உன் உடம்பை உள்ளபடி எழுது. விரல் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் மேல் கோபம் வந்தது. இருபது வருஷம் உன்னை எல்லோரிடமும் திட்டியிருக்கிறேன், ஒரு நாள் மறுத்துப் பேசியிருக்கக் கூடாதா? இரண்டாவது தடவை அழுதேன். மூன்றாவது தடவை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் எந்த பஸ்ஸுல வந்து எறங்கினாலும் நான் போயி கூட்டியாரேன்" என்றார்.

பாரதியைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கியவள் நான்தானே, நானே திருப்பித் தருகிறேன் என்றேன். பொங்கலுக்கு மறுநாள் ஆனந்தராஜ் வந்தான். வாசலில் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன், மறுபடியும் கதவுக்குப் பின்னால்தான். அவன் அவள் கையையே பார்த்தான். பிறகு, "எரியுதா?" என்று கேட்டான். "முதுகு மட்டும்" என்றாள். வீட்டில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலு நாள் சத்தமே இல்லை. வண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். நேற்று ஜெயசுதா அம்மாள் தனியாக வந்தார்கள். பாரதி கையைப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள். "புள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டார்கள். "வரலாம் அத்தே, வராமயும் போவலாம்" என்றாள் பாரதி.

பிறகு அந்த அம்மாள் பையிலிருந்து ரவிக்கையை எடுத்து வைத்தார்கள். அரைக்கைக்கு அளவெடுத்ததை முழுக்கையாக, கழுத்தை ஏற்றித் தைத்திருக்கிறார்கள். நல்ல தையல், மணிக்கட்டில் சரிகை. "கல்யாணம் நிக்காது. என் மவன் ஒரே பிடியா நிக்கிறான். ஆனா நலங்கு வாசல்ல வேணாம். உள்ளார நாலு பேரோட வையிங்க, இத போட்டு வுடுங்க. எங்க சனம் நூறு வாயி" என்றார்கள். கெட்ட மனசு இல்லை தம்பி. பயம். நான் நைனாவுக்குத் தட்டு வைத்த மாதிரிதான்.

கல்யாணம் நிற்கவில்லையே என்று நான் உடனே தலையாட்டிவிட்டேன். பாரதி அந்த ரவிக்கையை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "நானும் மாமா மாதிரி செஞ்சி பஸ் ஸ்டாண்டோட திரும்பிப் போவணுமாம்மா?" என்றாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை.

அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. கல்யாணமும் நடக்க வேண்டும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நலங்கு பிப்ரவரி ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. நீ என்ன சொல்கிறாய்?

உன் அக்கா,
மங்கை


கோயம்புத்தூர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு எழிலன் எழுதுவது. வலது கை விரல் இரண்டு வீங்கியிருக்கிறது. முழங்கையில் புதிதாக ஒரு படை. தூக்கம் பரவாயில்லை. இதுதான் என் சுகம்.

ஆறாம் தேதி ராத்திரி இங்கே பஸ் ஏறுகிறேன். ஏழாம் தேதி காலையில் திருவண்ணாமலை வந்து, அங்கிருந்து செஞ்சி. மாமா பஸ் ஸ்டாண்டில் நிற்கட்டும். நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறி வந்து இறக்கிவிடச் சொல். விளையாட்டுக்கு எழுதவில்லை.

ஜெயசுதா அம்மாளைக் குறை சொல்லாதே. ரவிக்கையை முகூர்த்தத்துக்கு உடுத்துவதும் உடுத்தாததும் பாரதி இஷ்டம். ஆனால் அந்த அம்மாளையும் அவர்கள் சனத்தையும் நலங்குக்கு நீயே போய் அழைத்துவிட்டு வா. நலங்கு வாசலில்தான் என்பதை அங்கேயே சொல்லிவிடு. மறைத்து அழைக்காதே.

மஞ்சளை நைசாக அரைத்து, நிறைய எண்ணெய் விட்டுக் குழைத்து வை. முதுகுப் பக்கம் யாரும் தொட வேண்டாம். அவளைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் புண்ணாகும். மெதுவாகத் தொட்டு வைத்தால் போதும். எப்படி என்பதை நான் முதலில் வைத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு மற்றவர்கள் வைக்கட்டும். வாய் பேசுகிறவர்களுக்கு அவள் கையைப் பார்க்கும் முன்னால் என் கை இருக்கும். கேட்பதை என்னிடம் கேட்கட்டும்.

தீபாவளிக்கு எடுத்து வைத்த முழுக்கைச் சட்டையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்து வாங்கி வை. அதைப் போட்டுக்கொண்டுதான் வைக்கப் போகிறேன். மூன்று வயதுக்கு எடுத்த பாவாடை சட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன், பாரதி பார்த்துச் சிரிக்கட்டும்.

உன் தம்பி,
எழிலன்